பிளேட்டோவுக்கு அப்புறம் யார் யார்? பேரேட்டில் எழுதிவைக்கும் முறை

அக்கா மகள் தத்துவப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதென்ஸில் பிளேட்டோ தொடங்கிய அகாடமி என்ற பள்ளிக்கு வரிசையாக யார் யார் தலைவர் என்பது பாடம். பிளேட்டோ, ஸ்பியூசிப்பஸ், செனோக்ரட்டீஸ், போலிமோ, கிரேட்டிஸ் என்று வாய்பாடு மாதிரி ஒப்பிப்பாள், ஆறாவது பேரில் நின்றுவிடும். காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் அதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தோம், அதற்குப் பின் மறக்கவில்லை.

பரணில் எழுதாத பழைய பேரேடு கிடந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஒரு நீள நோட்டு போதும். நாலு கட்டம்: பேர், ஊர், பொறுப்பு எப்படி வந்தது, எந்த வருஷம் விட்டார். மூன்றாவது கட்டத்துக்குத் தாராளமாக இடம் விடுங்கள், ஏனென்றால் பேர்களை மட்டும் அடுக்கினால் அப்பச்சிக்குப் பின் மகன் என்று வந்த குடும்பம் போலத் தெரியும், ஆனால் அகாடமியில் ஒவ்வொரு கைமாற்றமும் ஒவ்வொரு தினுசு.

பிளேட்டோ இறந்தது கி.மு. 347. அவருடைய உயிலை, கிரேக்கத் தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எடுத்து எழுதியிருக்கிறார். நிலம், வெள்ளிப் பாத்திரம், அடிமைகள் எல்லாம் கணக்காக வருகிறது, பள்ளியை யார் நடத்துவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. வந்தவர் ஸ்பியூசிப்பஸ், பிளேட்டோவின் உடன்பிறந்தாள் மகன். எங்கள் பக்கம் பிள்ளை கூட்டுவதென்றால், அதாவது சுவீகாரம் எடுப்பதென்றால், பங்காளி வீட்டில்தான் பார்ப்பார்கள், உடன்பிறந்தாள் மகன் பேச்சிலேயே வரமாட்டான். ஆகவே மூன்றாவது கட்டத்தில் ‘மருமகன்’ என்று எழுதுங்கள், ‘வாரிசு’ என்று வேண்டாம்.

கி.மு. 339-இல் அவர் போனதும் நடந்தது ஓட்டு. ஆம், மாணவர்கள் ஓட்டுப் போட்டார்கள்! செனோக்ரட்டீஸ், ஹெராக்ளைடிஸ், மெனெடிமஸ் மூவரும் போட்டியில் இருக்க, செனோக்ரட்டீஸ் சில ஓட்டில் ஜெயித்தார். ஹெராக்ளைடிஸ் சொந்த ஊருக்கே கிளம்பிவிட்டார், மெனெடிமஸ் தனியாக ஒரு பள்ளி வைத்தார். அரிஸ்டாட்டில் போட்டியில் இல்லை, அப்போது அவர் மாசிடோனியாவில். இந்தத் தகவல் நமக்குக் கிடைத்ததே பெரிய கதை: வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் ஹெர்குலேனியம் ஊரை மூடியபோது கருகிப்போன சுருள்களில் ஒன்றில் இருந்தது.

செனோக்ரட்டீஸ் ஏதென்ஸ்காரர் இல்லை, சால்சிடன் ஊர்க்காரர். வெளியூர்க்காரர் என்பதால் அங்கே தனி வரி கட்ட வேண்டும். எங்கள் பக்கத்து முதலாளிகள் அந்தக் காலத்தில் பர்மாவில் வைத்திருந்த ரங்கூன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிச் சாவி, கடையை நடத்திய மேலாள் கையில் இருந்தது, அதனால் கடை அவருடையது ஆகிவிடவில்லை. அகாடமித் தலைமையையும் அப்படிப் பொறுப்பாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்தவர் போலிமோ, கி.மு. 314. குடித்துவிட்டு, தலையில் மாலையோடு செனோக்ரட்டீஸின் வகுப்புக்குள் புகுந்து, அவர் தன்னடக்கம் பற்றிப் பேசியதைக் கேட்டு அங்கேயே மாணவராகிவிட்டார் என்று கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் ஞாபகத்துக்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது. அவருக்குப் பின் கிரேட்டிஸ், இருவரும் பிரியாமல் வாழ்ந்தவர்கள். ஆறாவது ஆர்சிசிலாஸ். இங்கேதான் அவள் தடுக்கி விழுவாள். சோக்ரடிடிஸ் என்ற ஒருவர் விட்டுக்கொடுத்ததால் பொறுப்பு இவருக்கு வந்தது. ‘விட்டுக்கொடுத்தார்’ என்று ஒரு சொல் கட்டத்தில் விழுந்ததும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஏழாவது லாசிடிஸ், உயிரோடு இருக்கும்போதே டெலிக்ளிஸ், இவாண்டர் என்ற இரண்டு பேரிடம் பள்ளியை ஒப்படைத்தவர். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லையாம்.

ஊர்க் கட்டத்தைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் பேரனுக்கு அய்யா பேர், அவன் பேரனுக்கு இவன் பேர் என்று அதே நாலு பேர் சுற்றிச் சுற்றி வரும், விலாசம் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. (விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை, பேருக்கு முன்னால் முன்னோர்களின் முதலெழுத்துகள்.) கிரேக்கர்களுக்கு அந்த வேலையைத் தகப்பன் பேரும் ஊர்ப் பேரும் செய்தன. அகாடமித் தலைவர்களிலேயே ஏதென்ஸ் கிரேட்டிஸ் ஒருவர், டார்சஸ் கிரேட்டிஸ் ஒருவர். கார்னியாடிஸும் இரண்டு. பெரியவர் சைரீன் ஊர்க்காரர், கி.மு. 155-இல் ரோமுக்குத் தூது போனவர், ஒரு வரிகூட எழுதிவைக்காதவர். அவருடைய மாணவர் கிளிட்டோமேக்கஸுக்குச் சொந்தப் பேர் ஹஸ்ட்ரூபல், கார்த்தேஜ்காரர், குருவுக்கும் சேர்த்து நானூறு புத்தகத்துக்கு மேல் எழுதினார்.

வருஷத்தில் ஒரு பொறி. சில இடத்தில் 348/347 என்று இரட்டையாக இருக்கும். நம் சித்திரை வருஷம் இரண்டு இங்கிலீஷ் வருஷத்தில் கால் வைப்பது போல ஏதென்ஸ் வருஷம் கோடையில் தொடங்கும், அவ்வளவுதான். அப்படியே இரட்டையாக எழுதுங்கள், ஒன்றை அடிக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது? லாரிசா ஊர் ஃபைலோவோடு. கி.மு. 88-இல் போருக்குப் பயந்து அவர் ரோமுக்குப் போய்விட்டார், கி.மு. 87-86-இல் ஏதென்ஸை முற்றுகையிட்ட ரோமானியத் தளபதி சுல்லா முற்றுகைக் கருவிகளுக்காக அகாடமி மரங்களை வெட்டினான். கி.பி. 529-இல் பேரரசர் ஜஸ்டினியன் அகாடமியை மூடியதாகப் படிப்பீர்களே, அது பல நூற்றாண்டு கழித்து பிளேட்டோ பேரைச் சொல்லி ஏதென்ஸில் நடந்த வேறு பள்ளி. ஃபைலோவையும் அந்தப் பள்ளியையும் இணைத்துக் கோடு போட்டே ஆகவேண்டுமென்றால் புள்ளிக்கோடு போடுங்கள். அக்கா மகள் நேர்க்கோடு போட்டிருந்தாள், ரப்பர் எடுத்து நானே அழித்தேன்.