நாலு பேர் மேசையில் பத்துப் பேருக்குச் சாப்பாடு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் உட்காரலாம். பத்துப் பேரைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் இது எனக்கு நினைவுக்கு வரும். இதற்காகப் புது மேசை வாங்க வேண்டாம், வாடகைக்கும் எடுக்க வேண்டாம். மற்ற அறைகளில் கிடப்பதே போதும்.

முதல் வேலை: உயரம் அளப்பது

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் இருக்கும், நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. இரண்டுக்கும் நடுவே 25 முதல் 30 செ.மீ. இடைவெளி இருந்தால் வசதியாகச் சாப்பிடலாம். அதைவிடக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் தட்டு நெஞ்சுக்கு வந்துவிடும். இந்த இடைவெளியை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தப் பலகையும் மேசைதான், எந்தப் பெட்டியும் நாற்காலிதான்.

இரண்டாவது: மேசையை நீட்டுவது

படிப்பு மேசையும் ஏறக்குறைய அதே 75 செ.மீ. உயரம்தான் இருக்கும். கணினியையும் புத்தகங்களையும் எடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் குறுகிய பக்கத்தோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டும் 120 செ.மீ. நீளம் என்றால் மொத்தம் 240. ஓர் ஆளுக்கு முழங்கை இடிக்காமல் சாப்பிட 60 செ.மீ. வேண்டும். ஆக, பக்கத்துக்கு நான்கு பேர், இரு முனைகளிலும் ஒவ்வொருவர், பத்துப் பேர் ஆயிற்று.

கணக்கு இவ்வளவு அழகாக வந்தால் சந்தேகப்படுங்கள். பல படிப்பு மேசைகளின் பின்பக்கம் கீழே பலகை அடைத்திருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் காலை நீட்ட முடியாது, அங்கேயே இரண்டு இடம் போச்சு. முனையில் இழுப்பறை இருந்தால் இன்னொரு இடமும் போகும். குனிந்து பார்த்துவிட்டே எண்ணுங்கள்.

ஒரு மேசை அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் அதன் நான்கு கால்களுக்கும் அட்டையை மடித்து வையுங்கள். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் ஆடும். இரட்டைக் கட்டில் விரிப்புகள் இரண்டை மேலே விரித்தால் ஒரே மேசை போலத் தெரியும். அது கண்ணுக்கு மட்டும்தான். இணைப்பின் மேல் தண்ணீர் டம்ளர் வைக்காதீர்கள். பாலிஷ் போட்ட மரமாக இருந்தால் விரிப்புக்கு அடியில் தடித்த போர்வை ஒன்று போடுங்கள். சூடான பாத்திரத்தின் ஈரம் பாலிஷுக்குள் இறங்கினால் வெள்ளை வளையம் விழும், அது லேசில் போகாது.

மூன்றாவது: உட்காரும் இடம்

ஸ்டூல், மூடி உறுதியான டிரங்குப் பெட்டி, கனமான ஷூ ராக் எல்லாம் வரிசையில் வரலாம். 35 செ.மீ. உயரப் பெட்டி என்றால் மேலே 10 செ.மீ. திண்டு போட்டால் சரி. உட்கார்ந்தால் திண்டு அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு நாற்காலிகளுக்கு மேல் பலகை போட்டு பெஞ்ச் ஆக்குவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. நானும் செய்தேன். பலகையின் ஒரு முனை நாற்காலியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் இருந்தவர் தண்ணீர் எடுக்க எழுந்தார், இந்த முனையில் இருந்த என் மாமா தட்டோடு தரைக்கு வந்தார். அடி எதுவும் படவில்லை, ஆனால் இன்றும் பேச்சு ஓயவில்லை. முனைகள் நாற்காலியைத் தாண்டக் கூடாது, பலகையை நாற்காலியோடு கயிறு போட்டுக் கட்டவும் வேண்டும்.

சோபாவைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்து வராதீர்கள். இருக்கை ஆழமாகவும் தாழ்வாகவும் இருப்பதால், முன்னால் நகர்ந்து நுனியில் உட்கார்ந்தே சாப்பிட வேண்டியிருக்கும்.

சிறுவர்களுக்கு டீப்பாய் போதும். அது 40 முதல் 45 செ.மீ. உயரம், தரையில் தடித்த திண்டு ஒன்று போட்டு உட்கார்ந்தால் அதே 30 செ.மீ. கணக்கு வந்துவிடும். கண்ணாடி டீப்பாய் என்றால் வேண்டாம், யாராவது ஊன்றி எழுவார்கள்.

நான்காவது: பாத்திரங்களுக்கு வேறு இடம்

படிப்பு மேசையின் அகலம் 60 செ.மீ.தான். எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தால் நடுவில் எதற்கும் இடமில்லை. அதனால் உணவை வேறிடத்தில் வையுங்கள். இடுப்பு உயரப் புத்தக அலமாரியின் மேல்தட்டு இதற்கு அருமை, 90 செ.மீ. உயரம் இருந்தால் நின்றபடி குனியாமல் பரிமாறலாம். தட்டு முதலில், உணவு நடுவில், சாப்பிடும் ஸ்பூன்கள் கடைசியில். இஸ்திரி மேசையை இதற்கு எடுக்காதீர்கள், முனையில் கனம் ஏறினால் கவிழும்.

நாற்காலிக்குப் பின்னால் தட்டோடு நடக்க 90 செ.மீ. விடுங்கள். சுவர் ஓரமாக இருப்பவர்கள் எழுந்து போக மட்டும் 60 போதும்.

முந்தைய நாள் இரவே எல்லாவற்றையும் போட்டு, வீட்டில் இருப்பவர்களை வைத்து ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், கணினியின் ஒயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விருந்து முடிந்த களைப்பில் எது எங்கே சொருகியிருந்தது என்று தேட வேண்டியிருக்காது.