சதகுப்பைக் கீரை எனக்கு வசப்பட்ட கதை

சதகுப்பையை ஆங்கிலத்தில் டில் (dill) என்பார்கள். பெங்களூரில் இதைச் சப்பசிகே சொப்பு என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். அக்கி ரொட்டியில், அதாவது அரிசி மாவு ரொட்டியில், பொடியாக நறுக்கிப் போட்டுச் சாப்பிட்ட ருசியில்தான் மாடியில் வளர்க்கும் ஆசை வந்தது.

முதல் தடவை குழித்தட்டில் நாற்று விட்டு, நாலு விரல் உயரம் வந்ததும் தொட்டிக்கு மாற்றினேன். மூன்றே நாளில் எல்லாம் தலை சாய்ந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். மிச்சம் இருந்ததும் அழுகியது. அப்புறம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கேரட் மாதிரி ஒற்றை ஆணிவேர், நுனி முறிந்திருந்தது. இரண்டும் ஒரே குடும்பம்தானே, எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை!

அடுத்த முறை ஒரு அடி ஆழத் தொட்டியிலேயே நேராக விதைத்தேன். மேலே கால் அங்குலம் மண், பூவாளித் தண்ணீர், அவ்வளவுதான். பத்தாம் நாள் முளைத்தது. நெருக்கமாக வந்ததைக் களைந்து பருப்பில் போட்டோம். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

மார்ச்சில் விதைத்த தொட்டி மட்டும் ஏமாற்றியது. வெயில் ஏறியதும் இலை குறைந்து மஞ்சள் குடையாகப் பூத்துவிட்டது. அதனால் இப்போது அக்டோபர் முதல் ஜனவரி வரை, மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி. பூத்த செடியைச் சோம்பலில் பிடுங்காமல் விட்டிருந்தேன். விதை உதிர்ந்து, பக்கத்துத் துளசித் தொட்டியில் தானாக முளைத்து நிற்கிறது.