நாலு மைக் ட்ராக், ஒரே குரூப்
பெங்களூரு அல்சூர்ல நடந்த பொங்கல் பட்டிமன்ற வீடியோவை பிரீமியர் ப்ரோங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் பண்றப்போ நாலு மைக்குக்கும் தனித்தனி ட்ராக், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஜி போட்டு ஒரே குரூப் ஆக்கியும் வீடியோவை நகர்த்தினா நடுவர் குரல் மட்டும் அசையாம நின்னுச்சு. கேஷ்ங்கற தற்காலிக ஃபைல்களை அழிச்சேன், ரீஇன்ஸ்டால் பண்ணேன், சீக்வென்ஸை, அதாவது அந்த டைம்லைன் மொத்தத்தையும் டூப்ளிகேட் பண்ணேன், அங்கயும் அதே கதை.

டைம்லைன் இடது ஓரத்துல அந்த ட்ராக்குக்கு மட்டும் குட்டி பூட்டு! லாக் ஆன ட்ராக்ல உள்ள கிளிப் செலக்ட்டே ஆகாது, அப்புறம் எப்படி குரூப்புக்குள்ள வரும், டூப்ளிகேட்லயும் அந்த பூட்டு கூடவே வந்திருக்கு. பூட்டை எடுத்து, குரலை வாயசைவுக்கு சரி பண்ணி, மறுபடி குரூப் பண்ணதும் எல்லாம் ஒண்ணா நகர்ந்துச்சு, அப்பாடா.

நாலு மைக் சத்தத்தையும் ஒரே ஸ்லைடர்ல சேர்த்து ஏத்தி இறக்க குரூப் உதவாதுங்க, அதுக்கு பல ட்ராக் சத்தத்தை ஒண்ணா சேர்க்கிற சப்மிக்ஸ் ட்ராக் ஒண்ணு சேர்த்து ஆடியோ ட்ராக் மிக்ஸர்ல ஒவ்வொரு ட்ராக் அவுட்புட்டையும் அதுக்கு திருப்பி விடணும்.