பூக்கடைப் படம் ஒன்றை எடிட் செய்வோம், முகத்தை வெளுக்காமல்

எடிட்டிங் பழகுவதற்கு மயிலாப்பூர் மாட வீதிப் பூக்கடையை விட நல்ல படம் கிடையாது. மேலே நீலத் தார்ப்பாய், கீழே மல்லிகையும் கனகாம்பரமும், நடுவில் மாநிறமோ கருப்போ ஒரு முகம், பின்னால் வெயில் கொளுத்தும் தெரு. புதிதாக ஆரம்பிப்பவர்களைப் படுத்தும் சிக்கல்கள் எல்லாம் ஒரே ஃப்ரேமில் கிடைத்துவிடும். கடைக்கார அக்காவிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதையே வைத்துப் பார்ப்போம்.

எடுக்கும்போதே கேமராவில் ரா ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், அதாவது சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு. பல போன்களில் ப்ரோ மோடுக்குள் இது இருக்கும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் இருக்கும் முகத்தை மேலே தூக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஜேபெக்கில் தோல் திட்டுத் திட்டாக உடைந்துவிடும், ராவில் தாங்கும்.

மென்பொருளைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். நான் இங்கே சொல்லும் பெயர்களும் கீபோர்டு குறுக்குவழிகளும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருப்பவை. பணம் கட்ட விருப்பமில்லை என்றால் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டுமே முழுக்க இலவசம், பட்டன்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும், வேலையின் வரிசை மாறாது. மூலப் படம் கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். நீங்கள் செய்யும் மாற்றங்களை இவை தனிக் குறிப்பாகத்தான் சேமிக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் ரீசெட் அடித்து முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் உட்காரும் முன் லேப்டாப்பில் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், அது திரையையே மஞ்சளாக்கி வைத்திருக்கும். பிரைட்னஸையும் பாதியளவுக்குக் குறையுங்கள், பளீரென்ற திரையில் எடிட் செய்த படம் பிரிண்ட் போட்டால் இருட்டாகத்தான் வரும்.

சரி, படத்தைத் திறந்து டெவலப் பகுதிக்குப் போங்கள். ஆர் கீயை அழுத்தி, சாய்ந்திருந்தால் நேராக்கி, ஓரத்தில் பாதி நுழைந்திருக்கும் பைக்கை வெட்டி எடுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது, இங்கே அவசரப்படாதீர்கள். வெயில் நீலத் தார்ப்பாய் வழியாக இறங்குவதால் பூ, தராசு, அக்காவின் முகம் எல்லாவற்றிலும் ஒரு நீலம் ஏறியிருக்கும். நேரில் பார்க்கும்போது நம் கண் அதைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது, கேமரா அப்படியே பதிவு செய்துவிடுகிறது. டபிள்யூ கீயை அழுத்தினால் ஒரு சொட்டுக்குழாய் வரும், அதை மல்லிகை மேல் வைத்துக் கிளிக் செய்யுங்கள். மொட்டு வேண்டாம், அதில் பச்சை கலந்திருக்கும். விரிந்த பூவாக, வெளிச்சத்தில் முழுசாக வெளுத்துப் போகாத இடமாகப் பாருங்கள். நீலம்-மஞ்சள் அளவைக் குறிக்கும் டெம்ப் எண் மேலே ஏறும், 5,500 சுற்றி இருந்தது 7,000 தாண்டினாலும் பதற வேண்டாம், நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். தார்ப்பாய் பச்சை கலந்த நீலம் என்றால் பச்சை-மெஜந்தாவைச் சரிசெய்யும் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளவும் வேண்டியிருக்கும். பூ சரியாகி முகம் இன்னும் சரியில்லை என்றால், முகத்தின் பக்கம் நில்லுங்கள். மல்லிகை கொஞ்சம் மஞ்சளாக இருப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

இப்போது வெளிச்சம். எக்ஸ்போஷரில் 1 கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு என்று அர்த்தம், அதனால் 0.2, 0.3 என்று சின்னச் சின்னதாக நகர்த்துங்கள். தெரு வெளுக்கிறதா, ஹைலைட்ஸைக் குறையுங்கள். முகம் நிழலில் இருக்கிறதா, ஷேடோஸைக் கூட்டுங்கள், ஆனால் 100 வரை இழுத்தால் நிழல் என்ற ஒன்றே இல்லாமல் படம் தட்டையாகிவிடும், புள்ளி புள்ளியாக நாய்ஸும் கிளம்பும். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே ஒயிட்ஸ் ஸ்லைடரை நகர்த்தினால் திரை கருப்பாகி, விவரம் போய்விட்ட இடங்கள் மட்டும் மின்னும். தெருவில் ஒரு கார் கண்ணாடி மின்னினால் விட்டுவிடுங்கள், அக்காவின் நெற்றியில் மின்னினால் பின்வாங்குங்கள்.

அப்புறம் கனகாம்பரம். இந்தப் பூ எல்லாக் கேமராவையும் திணறடிக்கும், ஏனென்றால் பச்சையும் நீலமும் அடங்கியிருக்கும்போது சிவப்புச் சானல் மட்டும் உச்சத்தைத் தொட்டுவிடும். ஹிஸ்டோகிராமின், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தின், வலது மூலையில் உள்ள சின்ன முக்கோணம் சிவப்பாக மாறினால் அதுதான் அடையாளம், இதழ்களின் கோடுகள் மறைந்து வெறும் ஆரஞ்சுத் திட்டு மட்டும் இருக்கும். எல்லோரும் உடனே கலர் மிக்சரில் ஆரஞ்சைக் குறைப்பார்கள். அங்கேதான் பிரச்சினை, நம் தோலின் நிறமும் அதே ஆரஞ்சுக்குள்தான் வருகிறது, பூவைக் குறைத்தால் முகமும் சேர்ந்து சாம்பலடிக்கும். அதனால் தடவிய இடத்தை மட்டும் மாற்றும் பிரஷ் மாஸ்க் எடுத்துப் பூச்சரத்தின் மேல் மட்டும் தடவி, அங்கே மட்டும் சாச்சுரேஷனையும் எக்ஸ்போஷரையும் இறக்குங்கள். கோடுகள் திரும்பி வருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். மொத்தப் படத்துக்கும் நிறம் கூட்ட வேண்டுமென்றால் சாச்சுரேஷனைத் தொடாமல் வைப்ரன்ஸைக் கூட்டுங்கள், அது மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும், தோலை ஓரளவு விட்டுவைக்கும்.

முகத்துக்கு வருவோம். அதே கலர் மிக்சரில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை மாற்றும் ஆரஞ்சு லூமினன்ஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதை மேலே தள்ளினால் இரண்டு நொடியில் யாரையும் வெளுப்பாக்கிவிடலாம். கல்யாண ஆல்பங்களில் தினமும் நடப்பது இதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். கலர் ஃபிலிம் காலத்திலேயே கோடாக் தன் பிரிண்ட் லேப்களுக்கு அனுப்பிய நிற அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், அதை ஷெர்லி அட்டை என்பார்கள், அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல வருஷம் ஓட்டினார்கள். இன்றைக்கு ஸ்லைடர் நம் கையில் இருக்கிறது, நாமும் அதையே செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

முகம் நிஜமாகவே நிழலில் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, எக்ஸ்போஷரை 0.3 கூட்டுங்கள். கண் தெளிவாகத் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கன்னத்திலும் மூக்கிலும் இருக்கும் பளபளப்பை அழிக்காதீர்கள், கருத்த தோலுக்கு உயிர் கொடுப்பது அந்த வெளிச்சக் கோடுதான். ஸ்மூத் செய்யும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். வியர்வை, சுருக்கம், மஞ்சள் பூசிய தடம் எல்லாம் அவருடையது, இருக்கட்டும்.

தார்ப்பாய்க்குக் கீழே நிறம் சரியானதும் பின்னால் தெரு மஞ்சளாகிப் போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அங்கே இருப்பது நேரடி வெயில், அதற்கு நாம் கூட்டிய மஞ்சள் தேவையே இல்லை. தெரு தெரியும் பகுதிக்கு இன்னொரு பிரஷ் மாஸ்க் போட்டு டெம்பை நீலப் பக்கம் இழுங்கள். முழுசாக இழுக்க வேண்டாம், கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தால்தான் அது சென்னை வெயில்.

ஷார்ப்பனிங் மிதமாக வையுங்கள், நாய்ஸ் ரிடக்ஷனும் அப்படியே. கடைசியில் பேக்ஸ்லாஷ் கீயைத் தட்டி முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள், எங்காவது எடிட் செய்தது துருத்திக்கொண்டு தெரிந்தால் அந்த ஸ்லைடரைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏற்றுமதியில் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் குவாலிட்டி 80 சுற்றி. வாட்ஸ்அப்பில் அனுப்ப நீளமான பக்கம் 2,048 பிக்சல் தாராளம். அக்காவுக்கு ஒரு பிரிண்ட் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், 6க்கு 4 அங்குலத்தை 300 டிபிஐயில் போட 1,800க்கு 1,200 பிக்சல் வேண்டும். ஸ்டூடியோவில் கொடுக்கும்போது "கலர் கரெக்ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர்களுடைய ஆட்டோ செட்டிங் முகத்தை மறுபடி வெளுத்துவிடக் கூடும்.