அடுத்தவர் பார்வையிலிருந்து கற்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2017 தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர், தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல், ரக்கூன் போன்ற உயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைத்தான் பிடித்திருந்தார்கள். இவர்கள் இருவரும் முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள்.

அவர்களை அழைத்தது ஒரு பல்கலைக்கழகம். ஆனால் நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். யோசனை கேட்க வேண்டும் என்றாலே நம்மைப் போலப் படித்தவர்களையே தேடிப் போகிறோம். அவர்களும் நாம் பார்த்ததையே பார்த்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. புளோரிடாவில் பலரும் சாலையோரமும் கரையோரமும் வெயில் காயும் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருளர்கள் நேராகப் புதருக்குள் இறங்கினார்கள். மண்ணில் பதிந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம் என்று பாம்பு விட்டுப்போன அடையாளங்களைப் படித்தார்கள். "எந்தச் சாலையில் பாம்பு அதிகம்?" என்று அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு சாலையின் பெயர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். கேள்வி நம் பார்வையிலிருந்து பிறக்கிறது. பதிலும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். கூடவே நடக்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறார், எதைக் குனிந்து பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். பல சமயம் அவருக்கே அதைச் சொல்லி விளக்கத் தெரியாது. கை பழகிய அறிவு அப்படித்தான். ஒரு மெக்கானிக்கிடமோ அனுபவமுள்ள நர்ஸிடமோ அரை நாள் கூட இருந்து பாருங்கள், புரியும்.

அப்புறம், அறிவை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வெளிநாட்டுக்குப் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்றது. அவர்களின் பிழைப்பும் போயிற்று. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிடம் விஷம் எடுத்து, பிறகு அவற்றைக் காட்டில் விடுகிறார்கள். அதே திறமைதான், ஆனால் அதன் பலன் அவர்கள் கைக்கே வருகிறது. 2023-இல் புளோரிடா போய்வந்த அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, ஒரு விஷயத்தில் தேர்ந்தவர் சொல்வதெல்லாம் எல்லாவற்றிலும் சரியாக இருக்குமா? இருக்காது. பாம்பு கடித்தால் யார் எந்த மூலிகையைச் சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏற்றுகிற முறிவு மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்களும் இந்த இருளர்கள்தான்.