நினைத்தது ஒன்று, அளந்தது வேறு: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வில் தவறு என்றதும் பலருக்கும் கணக்குப் பிழையோ கருத்துத் திருட்டோதான் நினைவுக்கு வரும். இரண்டும் உண்டுதான். ஆனால் நேர்மையாகச் செய்து, கணக்கும் சரியாகவே போட்ட ஆய்வுகள்கூடக் கவிழ்கின்றன. ஒன்றை அளப்பதாக நினைத்துக்கொண்டு வேறொன்றை அளந்துவிடுவதுதான் காரணம். மரபணுவியல், ஒரு நூலை எழுதியவர் யார் என்ற ஆராய்ச்சி, இயற்பியல் கற்பித்தல் என்று சம்பந்தமே இல்லாத மூன்று துறைகளை எடுத்தாலும் குழி ஒன்றுதான்.

மரபணுவியலில் இதற்கு ஒரு பழைய கற்பனை உதாரணம் உண்டு. 1994-இல் லேண்டர், ஷோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது. சான் பிரான்சிஸ்கோவில் குச்சிகளால் சாப்பிடத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரித்து, இரு கூட்டத்தின் மரபணுக்களையும் ஒப்பிடுகிறோம். ஏதோ ஒரு மரபணு வடிவம் குச்சிக்காரர்களிடம் தூக்கலாகத் தெரிகிறது. ‘குச்சி மரபணு’ கிடைத்துவிட்டதா? இல்லை. ஆசிய வம்சாவளியினரிடம் அந்த வடிவம் இயல்பாகவே அதிகம், அவ்வளவுதான். பழக்கம் வீட்டில் வந்தது, மரபணு வம்சத்தில் வந்தது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறி வந்திருக்கின்றன. படித்தால் சிரிப்பு வரும். குச்சிக்குப் பதில் நோய் என்றோ தேர்வு மதிப்பெண் என்றோ போட்டுப் பாருங்கள், சிரிப்பு போய்விடும். வம்சாவளியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முடிந்தால் உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். ஒரே வீடு, ஒரே வம்சம் என்பதால் அங்கே இந்த ஏமாற்று எடுபடாது.

இன்னொன்று, தேடிக்கொண்டே இருந்தால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். தற்செயலாக வர 20-இல் 1 வாய்ப்புதான் என்றால் ‘குறிப்பிடத்தக்க முடிவு’ என்று ஏற்பது பல துறைகளில் வழக்கம். மரபணுத்தொகுதி முழுவதும் 10 லட்சம் இடங்களைச் சோதிப்பவர் இதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால், எந்தத் தொடர்பும் இல்லாமலேயே 50,000 இடங்கள் ‘தொடர்பு உண்டு’ என்று கை தூக்கும். அதனால்தான் அங்கே வரம்பை 2 கோடியில் 1 என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முன்னால், மனச்சோர்வுக்குக் காரணம் என்று ஊகித்த சில மரபணுக்களை மட்டும் எடுத்து, சில நூறு பேரிடம் சோதித்த கட்டுரைகள் குவிந்தன. அவற்றில் அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவில் மறுபடி பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை மேலாக எதுவும் சொல்லவில்லை. எத்தனை பேருடைய உழைப்பு!

எக்செலையும் சொல்லிவிடுகிறேன். செப்ட்2 என்று ஒரு மரபணு இருந்தது. கட்டத்தில் தட்டினால் எக்செல் அதைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மென்பொருளுக்கு முன்னால் மரபணுவே பணிந்தது: 2020-இல் அதன் பெயர் அதிகாரப்பூர்வமாகச் செப்டின்2 ஆனது. தரவை ஏற்றும் முன்பே அந்தப் பத்தியை ‘எழுத்து’ வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்றியபின் மாற்றிப் பயனில்லை.

சரி, எழுதியவர் யார் என்ற ஆராய்ச்சிக்கு வருவோம். ஔவையார் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் பாடியிருப்பதை அறிந்த நமக்கு இது புதிய கேள்வி அல்ல. கணிப்பொறி வந்தபின் சொற்களை எண்ணி முடிவு சொல்கிறார்கள். அந்த முறைக்கு முன்னோடியான வேலை, 1787, 1788-இல் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் அமெரிக்காவில் வெளிவந்த 85 அரசியல் கட்டுரைகளைப் பற்றியது. அவற்றில் 12-ஐ எழுதியவர் ஹாமில்டனா, மேடிசனா (இருவரும் அந்நாட்டு அரசியல் தலைவர்கள்) என்பது நெடுநாள் வழக்கு. முதலில் வாக்கிய நீளத்தை எண்ணிப் பார்த்தார்கள். ஹாமில்டனின் சராசரி 34.55 சொல், மேடிசனின் சராசரி 34.59 சொல்! அத்தனை எண்ணியதும் வீண். அப்புறம் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் யாருமே கவனிக்காத குட்டிச் சொற்களைப் பிடித்தார்கள். ‘அபான்’ (upon, ‘மீது’) என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் மூன்று முறை எழுதுகிறார். மேடிசனிடம் அது தேடினால்தான் கிடைக்கும். இப்படிப் பல சொற்களைச் சேர்த்துப் பார்த்து, 12-உம் மேடிசன் கை என்று 1964-இல் முடிவு சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘சொல்லை எண்ணினால் போதும்’ என்று கிளம்புவதுதான் தவறு. அங்கே இருவரும் ஒரே காலத்தில், ஒரே பொருளில், ஒரே வடிவத்தில் எழுதியவர்கள். வேறுபாடு எஞ்சினால் அது ஆளைச் சார்ந்ததாகத்தான் இருக்க முடியும். ஒருவரின் கடிதங்களை இன்னொருவரின் நாவலோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது கடிதத்துக்கும் நாவலுக்கும் உள்ள தூரத்தை. போரைப் பற்றிய நூலில் ‘படை’ நிறைய வருவதில் ஆசிரியரின் கைரேகை எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பேரைப் பட்டியலில் கொடுத்தால் கணிப்பொறி அந்த நால்வரில் நெருங்கியவரைக் காட்டும். உண்மையான ஆசிரியர் ஐந்தாமவராக இருந்தால், ‘இவர்களில் யாருமில்லை’ என்று அது தானாகச் சொல்லாது. சொல்லும் வழியை நாம்தான் வைக்க வேண்டும்.

இயற்பியல் வகுப்பில் இதே கதை மதிப்பெண் வேடத்தில் வரும். ஒரு லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிப்பவர்களும், கணக்குகளைப் பிசகில்லாமல் போடுபவர்களும்கூட இங்கே ‘லாரி’ என்று எழுதுவார்கள். அந்த விதிப்படி இரண்டும் ஒன்றன்மீது ஒன்று ஒரே அளவு விசைதான் செலுத்துகின்றன. 1992-இல் வெளியான விசைக் கருத்துத் தேர்வு இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் அதைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா? வழக்கமான தேர்வு எதை அளந்துகொண்டிருந்தது என்பது அந்த ஒரு கேள்வியில் அம்பலம்.

மாணவர் கருத்துப் படிவத்தை நம்புவதும் அப்படித்தான். அதே ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாங்களே கலந்து பேசிக் கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் நல்ல சொற்பொழிவு கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

இத்துறையில் நான் கட்டுரைக்குக் கட்டுரை பார்ப்பது தலை எண்ணும் தவறு. புதிய முறையில் ஒரு வகுப்பு, பழைய முறையில் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 60 மாணவர். ‘மாதிரி அளவு 120’ என்று எழுதுகிறார்கள். 60 பேருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே நேரம், ஒரே அறை. ஒப்பிடப்படுபவை இரண்டே வகுப்புகள். ஓர் எலியிலிருந்து 60 துளி ரத்தம் எடுத்து 60 எலி என்று சொல்வது போலத்தான் இது. பருவ நடுவில் வகுப்பை விட்டுப் போனவர்களை முதல் தேர்வின் சராசரியில் வைத்துக்கொண்டு கடைசித் தேர்வில் விட்டுவிடுவதும் உண்டு. நலிந்தவர்கள் போனாலே சராசரி ஏறும். ஆசிரியர் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

மூன்று துறைக்கும் பொருந்தும் ஒரு சோதனை இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. விடை கிடைக்கவே கூடாத இடத்தில் உங்கள் முறையை ஓட்டிப் பாருங்கள். ஒரே எழுத்தாளரின் கடிதங்களுக்கு ஒரு பெயர், கட்டுரைகளுக்கு இன்னொரு பெயர் கொடுங்கள். இவர்கள் இரண்டு ஆள் என்று முறை அடித்துச் சொல்கிறதா? மரபணுவால் வர வழியே இல்லாத ஒரு பழக்கத்தை உள்ளே விடுங்கள்; அதற்கும் ஒரு மரபணு அகப்படுகிறதா? உங்கள் புதிய முறை வருவதற்கு முந்தைய ஆண்டு, அதே இரு வகுப்பு நேரங்களில் ஒரே பாடம் ஒரே விதமாக நடந்தபோது எடுத்த மதிப்பெண்களைத் தோண்டி எடுங்கள். காலை எட்டு மணி வகுப்புக்கும் மதிய வகுப்புக்கும் இடையே அப்போதே அதே இடைவெளி இருந்திருக்கக் கூடும்.