பொதிகையை இடப்பக்கம் வைத்து ஒரு சுற்று

பொதிகை மலைப் பக்கம் போகிறோம் என்று கிளம்புகிற குடும்பங்கள் பெரும்பாலும் குற்றாலத்தோடு திரும்பிவிடுகின்றன. குளியல், புரோட்டா, வீடு. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த மலைக்கு நாலு பக்கம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்து வயல் வரப்பில் நின்றால் 1,868 மீட்டர் உயரப் பொதிகை, அதாவது அகத்தியமலை, மேகத்துக்குள் போவதும் வருவதுமாகத் தெரியும். அதே மலையின் மேற்குப் பக்கம் போனால் ரப்பர் தோட்டமும் ஈர மண்ணுமாக வேறு நாடு மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழையின் பெரும் பங்கை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் கிழக்கே வருகிறது. பிள்ளைகள் பாடத்தில் படிக்கிற மழை மறைவுப் பகுதியைக் கார் ஜன்னல் வழியாகவே காட்டிவிடலாம். உச்சிக்கு ஏறுவது வேறு கதை. அதற்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், நல்ல உடம்பும் வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, மலையை ஏறாதீர்கள், சுற்றி வாருங்கள். திருநெல்வேலியில் தொடங்கித் திருநெல்வேலியில் முடித்தால் சுமார் 350 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி, மூன்று பகல்.

எங்கள் வண்டியில் நான் ஓட்டுவேன். வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். சின்னவளுக்கு வளைவு ரோடு ஒத்துக்கொள்ளாது, மாமியாருக்கு முட்டிவலி. திட்டம் முழுவதையும் அந்த இரண்டு பேரை வைத்துத்தான் போடுவேன். உங்கள் வீட்டில் யாருக்கு முடியாதோ அவர்களை வைத்துப் போடுங்கள். மற்றவர்கள் தானாகச் சமாளித்துக்கொள்வார்கள்.

முதலில் திசை. திருநெல்வேலி, பாபநாசம், குற்றாலம், தென்மலை, திருவனந்தபுரம் ஓரம், தக்கலை, நாகர்கோவில், மறுபடி திருநெல்வேலி. இப்படிப் போனால் மலை எப்போதும் இடது கைப் பக்கம் இருக்கும். நாம் ஓட்டுவதும் இடது ஓரம். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அப்படியே ஓரம் கட்டலாம். எதிரே வரும் லாரிக்குக் குறுக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்ட வேண்டாம். மலையை வலமாகத்தானே சுற்ற வேண்டும் என்று மாமியார் கேட்டார். நடந்து போனால் வலம் வரலாம், வண்டியில் போனால் இடம்தான் பத்திரம் என்றேன், ஒத்துக்கொண்டார்.

அடுத்தது கிழமை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை கிளம்பினால் மூன்றாம் நாள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வியாழன் கிளம்புங்கள். வெள்ளி விடியலில் குற்றாலம், சனிக்கிழமை அரண்மனை, ஞாயிறு வீட்டில் துணி துவைக்க. வார இறுதிக் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே அருவியை விட்டு வந்துவிடலாம். பள்ளிக்கு இரண்டு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும்; சொல்லலாம்.

மாதம் என்றால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதுதான் சாரல் காலம். அதற்குள்ளும் எந்த வாரம் என்பதை நான் பேப்பரில் வரும் அணை நிலவரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். நெல்லை, தென்காசிப் பதிப்புகளில் தினமும் போடுவார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழுக் கொள்ளளவுக்கு நேரே அன்றைய மட்டம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய அணைகளை அல்ல. செங்கோட்டைக்கு மேலே இருக்கும் குண்டாறு அணையைப் பாருங்கள். மொத்தமே 36 அடிதான், அதனால் சீக்கிரம் நிரம்பிவிடும். குண்டாறு நிரம்பி வழிகிறது என்று செய்தி வந்தால் குற்றாலத்து மலையிலும் மழை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு ரூமுக்குப் போன் போட்டால் போதும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாபநாசம் ரோடு நகராது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சுற்று வேண்டாம்; அப்போது வருவது சாரல் இல்லை, வெள்ளம்.

வண்டியில் ஏற்ற வேண்டியதில் முக்கியமானது ஈரத்துணிக்கு ஒரு மூடி போட்ட வாளி. பிளாஸ்டிக் பையில் ஈரத்துணியை அமுக்கி வைத்தால் மறுநாள் வண்டிக்குள் உட்கார முடியாது. சீட்டில் விரிக்க ஒரு பழைய ரெக்சின் விரிப்பு, ஆளுக்கு ஒரு காட்டன் துண்டு, வழுக்காத செருப்பு, சின்னவளுக்கு வறுத்த சுக்கும் எலுமிச்சம்பழமும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். செக்போஸ்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். வாங்கவில்லை என்றாலும் அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். பெட்ரோலைத் தென்காசியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளாவில் விலை கூடுதல். சொந்த வண்டிக்கு எல்லையில் பெர்மிட் கிடையாது. வாடகைக் கார் என்றால் வரி கட்டியாயிற்றா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரு விதி உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர்தான். அருவி, அணை, படகு என்று ஒரே நாளில் மூன்றை அடுக்கினால் மூன்றிலும் பிள்ளைகள் நனைந்து, மூன்றிலும் உடை மாற்றி, சாயங்காலம் காய்ச்சலோடு ரூமுக்கு வருவார்கள்.

முதல் நாள் தண்ணீர் பாபநாசத்து அகத்தியர் அருவி. காலை ஆறரைக்குத் திருநெல்வேலியை விட்டால் அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வனத்துறைச் செக்போஸ்டுக்கு நல்ல நேரத்தில் போய்ச் சேரலாம். அருவியில் வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. குரங்குகள் உங்கள் முறுக்குப் பாக்கெட்டைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். தின்பண்டம் எல்லாம் டிக்கிக்குள் இருக்கட்டும். குளித்துவிட்டு இறங்கும்போது பாபநாசநாதர் கோயில் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பொரி போட்டால் மீன்கள் படி விளிம்பு வரைக்கும் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மாமியார் அங்கே உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம்.

இங்கே ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. தண்ணீர் வற்றும்போது பாறை இடுக்கெல்லாம் சேலையும் வேட்டியுமாகச் சிக்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். குளிக்க இறங்குகிறவர் காலில் அது சுற்றினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும். தாமிரபரணி நமக்குக் குடிதண்ணீர். துணியைப் பிழிந்து வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பாபநாசத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி ரோடு. கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பிறகு பாரதி கொஞ்ச காலம் இங்கே வாழ்ந்தார். இந்த ரோட்டில் மலை கூடவே வரும், வேகமாக ஓட்ட வேண்டாம். மத்தளம்பாறைப் பக்கம் இடதுபுறம் திரும்பினால் பழைய குற்றாலம் வழியாகக் குற்றாலம் போய்விடலாம். தென்காசி டவுன் நெரிசல் மிச்சம். ரூம் எடுக்கும்போது மெயின் அருவிக்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் விடியற்காலையில் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு எழுந்து அருவிக்கு நடந்து போங்கள். அந்நேரம் கூட்டம் குறைவு. பெண்கள் குளிக்கத் தனிப் பகுதி உண்டு; புடவையை விட சுடிதார் நல்லது, துப்பட்டா வேண்டாம். தண்ணீர் நேராக விழும் இடத்தில் வயசானவர்களை நிறுத்தாதீர்கள். ஓரத்தில் பாறையில் வழிந்து வரும் தண்ணீரில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டி நின்றால் போதும். பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடியுங்கள், விரலைப் பிடிக்காதீர்கள்; ஈரத்தில் விரல் நழுவிவிடும்.

மெயின் அருவியில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழ ஆரம்பித்தால் தடை போட்டுவிடுவார்கள். அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்த நிமிடமே வெளியே வாருங்கள். செருப்பு, போன் எதையும் தேடாதீர்கள். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் இறங்கியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மேலே காட்டில் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. போலீஸ்காரர் விசில் அடித்தால் அவரோடு வாதாட வேண்டாம். தடை என்றால் தடை. குற்றாலநாதர் கோயிலையும் சித்திர சபையின் சுவர் ஓவியங்களையும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள்.

சீசனில் கடைத்தெரு முழுக்க மங்குஸ்தான், ரம்புட்டான். மங்குஸ்தான் வாங்கும்போது கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டுப்போயிருக்கும். பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகள் எண்ணிவிட்டு உடைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பழமும் காலியாகும். சாறு துணியில் பட்டால் கறை போகாது, ரெக்சின் விரிப்பை அப்போது எடுங்கள்.

பதினோரு மணிக்கு ரூமைக் காலி செய்தால் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் மதியச் சாப்பாடு. சின்னச் சின்னப் புரோட்டா, மிளகு தூக்கலான கோழி. வளைவு ரோடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் தயிர்சோறு. ஏனென்றால் புளியரை தாண்டியதும் எஸ் வளைவு வருகிறது. கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஊர்ந்து ஏறும். முந்தாதீர்கள், இரண்டாம் கியரில் பின்னாலேயே போங்கள்.

ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு முன்னால் பதிமூணு கண் பாலம். 1904-இல் ஓட ஆரம்பித்த செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் பாதையில் கட்டிய கல் பாலம். அகலப்பாதையாக்கி 2018-இல் மறுபடி ரயில் விட்டார்கள். ரோட்டில் நின்றபடியே வளைவுகளை அண்ணாந்து பார்க்கலாம். ரயில் வரும் நேரத்தை ஆப்பில் பார்த்து வைத்து அதற்குத் தக்கபடி புரோட்டாக் கடையிலிருந்து எழுந்தால் பிள்ளைகளுக்கு ரயிலும் கிடைக்கும். பாலருவி வழியில்தான் இருக்கிறது, ஆனால் காலையில் குளித்தாயிற்று. என் விதிப்படி அதை விட்டுவிடுவேன். குற்றாலத்தில் தடை போட்டிருந்தால் மட்டும் பாலருவியில் கேட்டுப் பாருங்கள். நுழைவாயிலிலிருந்து வனத்துறை வண்டியிலேயே கூட்டிப் போவார்கள், முட்டிவலிக்காரர்களுக்கு அது வசதி.

இரண்டாவது ராத்திரி தென்மலையில். அணையைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

மூன்றாம் நாள்தான் நீள ஓட்டம், தண்ணீர் கிடையாது. ஆறு மணிக்குக் கிளம்பிக் குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. இரண்டு பக்கமும் ரப்பர், மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும். நெடுமங்காட்டுக்கு அப்புறம் திருவனந்தபுரம் ஊருக்குள் எதற்கும் நிறுத்தாதீர்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம் வரை நெரிசல் கட்டாயம் இருக்கும், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசு. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூர் ராஜ்யம் இங்கிருந்துதான் ஆண்டது. நேற்று மதியம் சாப்பிட்ட செங்கோட்டைப் பக்கமும் 1949 வரை அதே ராஜ்யம்தான். மலையின் இரண்டு முனையும் ஒரே கையில் இருந்தது என்பதைப் பெரியவனுக்கு மேப்பில் காட்டினேன். மதிய இடைவேளைக்கு முன்னால் டிக்கெட் எடுங்கள். செருப்பில்லாமல், குறுகிய மரப்படியில் ஏறி இறங்க வேண்டும். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார். நீங்களும் அப்படியே செய்யலாம்.

நாகர்கோவிலில் சாப்பாடு, அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய். காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். நாற்கரச் சாலையில் ஏறும் முன் பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் திருநெல்வேலி.

ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் மேற்குப் பக்கத்தை விட்டுவிடுங்கள். பதிமூணு கண் பாலம் வரை போய், அப்படியே திரும்பித் தென்காசி வழியாக வீட்டுக்கு வரலாம். அப்போது கிழமைக் கணக்கும் வேண்டாம், எந்த நாளிலும் கிளம்பலாம். குண்டாறு நிலவரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.